தெளிந்த ஓடையும் பைப்படியும்

சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் சாலையில் அம்பாங்கானைத் தாண்டினால் பாரோய். துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கம், வரிசை பிடித்த தாமான் வீடுகள், மாலையில் நிரம்பும் சாப்பாட்டுக் கடைகள் என்று இன்றைய பாரோய் சிரம்பான் நகரத்தோடு ஒட்டிப் போய்விட்டது. கிழக்கே நிமிர்ந்து பார்த்தால்தான் புக்கிட் பூத்துஸ் பக்கத்து மலைகள் தெரியும். சிரம்பானைச் சுற்றிய மலைகளிலிருந்து இறங்கும் சிற்றாறுகளுக்குப் பாரோய், தெமியாங், பாத்தாங் பெனார் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. எல்லாம் கடைசியில் லிங்கி ஆற்றில்தான் சேர்கின்றன.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தின் மலையடிவாரக் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டபோது, தொழிலாளர் லயன்கள் பெரும்பாலும் ஓடைக்குப் பக்கத்திலேயே எழுந்தன. குடிக்க, குளிக்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் அதே ஓடை. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடார்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணியோடு கப்பலேறி வந்தவர்களில் பலர், கோடையில் வற்றிய கிணற்றுக்குள் இறங்கிச் சுரண்டித் தண்ணீர் எடுத்தவர்கள். கூழாங்கல் தெரியத் தெரிய ஓடும் தண்ணீரைக் கண்டதும் அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வறண்ட சீமையை விட்டு வந்தவனுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறு இருந்திருக்காது.

அந்தத் தெளிந்த ஓடையில்தான் சாவு இருந்தது. அதைக் கண்டுபிடித்த கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் உடம்பை வைத்துக் கற்ற பாடம் பின்னாளில் ஆப்பிரிக்கா வரை போனது. பாடம் போன வேகத்தில் தண்ணீர் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஓடைக்குள் இருந்த சாவு

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. கிள்ளானிலும், அந்த ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார், குடியிருப்பைச் சுற்றிய காட்டை அழிக்கச் சொன்னார். காய்ச்சல் சட்டென்று இறங்கியது. கடலோரத் தட்டை நிலத்துத் தோட்டங்களிலும் இதே வழி பலித்தது.

அதே வைத்தியத்தை மலைச்சரிவுத் தோட்டங்களுக்குக் கொண்டு போனபோது எல்லாம் தலைகீழானது. காட்டை அழித்து, ஓடையைச் சுத்தம் செய்து, வெயில் படும்படி திறந்துவிட்ட இடங்களில் காய்ச்சல் கூடியது. காரணம் கொசுவின் இனத்தில் இருந்தது. தட்டை நிலத்தில் மலேரியா பரப்பிய கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மலைச்சரிவில் பரப்பியது வேறொரு கொசு. இன்று அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸ் என்று அறியப்படும் அந்த இனத்துக்கு நிழல் ஆகாது, தேக்கமும் ஆகாது. வெயில் படும், மெல்ல ஓடும், தெளிந்த நீர்தான் அதற்கு வேண்டும். ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டிய ஒவ்வொரு கோடரி வெட்டும் அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது.

வாட்சன் கண்ட மாற்று வழி, மலை இடுக்குகளில் சுரக்கும் நீரைக் குழாய் பதித்து மண்ணுக்கடியிலேயே கொண்டு போய்விடுவது. ஓடை கண்ணுக்குத் தெரியக் கூடாது, வெயில் அதன்மேல் விழக் கூடாது. முடியாத இடங்களில் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பார்கள். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே கொயினா மருந்தும் கொடுப்பார்கள். இந்த அனுபவங்களை அவர் 1911இல் நூலாக்கினார். 1921இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்ததும் அதே 1911இல்தான்.

அந்த ஆண்டின் கணக்கு ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1911இல் கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கும் மேல் செத்தார்கள். இது எல்லாத் தோட்டங்களையும் சேர்த்த சராசரி. மலையடிவாரத்துப் புதுத் தோட்டங்களில் இதைவிடக் கூடுதல். வந்தவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதுக்காரர்கள், நோஞ்சான்களைக் கப்பலில் ஏற்றுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் கனம் புரியும். 

சிரம்பானுக்கு இன்னொரு மருத்துவச் சரித்திரமும் உண்டு. நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்த பிராடன், பெரிபெரி நோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று உற்றுப் பார்த்தவர். தீட்டிய பச்சரிசிச் சோறு தின்ற சீனத் தொழிலாளருக்கு நோய் வந்தது, புழுங்கலரிசி தின்ற தமிழருக்கு வரவில்லை. 1907இல் அவர் நூல் எழுதினார். அதே காலத்தில் பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இம்மாநிலத்தின் உட்பகுதியில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடம் இரண்டு வகை அரிசியையும் கொடுத்துப் பார்த்து, தீட்டிய அரிசியே காரணம் என்று நிறுவினார்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த சமையல் பழக்கம் தமிழரை ஒரு நோயிலிருந்து காப்பாற்றியது. தண்ணீர் விஷயத்தில் அப்படிக் காப்பாற்ற ஒரு பழக்கம் கையில் இல்லை.

வெறுங்காலும் ஈரமண்ணும்

மலேரியாவைப் போல ஒரே வாரத்தில் ஆளைச் சாய்க்காமல், ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிய நோய் கொக்கிப்புழு. ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய டார்லிங், பார்பர், ஹேக்கர் மூவரும் 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் தோட்டத் தொழிலாளரைச் சோதித்தார்கள். அவர்களின் அறிக்கை 1920இல் வெளிவந்தது. புழு வாழும் விதம் எளியது. நோயாளியின் மலத்தோடு முட்டை வெளியேறும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும். குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். வெளிறிய முகம், வீங்கிய கால், மூச்சிரைப்பு. விடிவதற்கு முன் பனி நனைந்த புல்லில் நடந்து மரம் சீவப் போனவர்களுக்கு, அடர்ந்த ரப்பர்க் காட்டைவிடப் பொருத்தமான புழு வளர்ப்பிடம் வேறு இல்லை.

அவர்களைச் ‘சோம்பேறிகள்’ என்று எழுதி வைத்த தோட்ட அறிக்கைகள் ஏராளம். இரத்தச்சோகைக்குச் சோம்பல் என்று பெயர் வைத்த காலம் அது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

புழு மருந்து கொடுத்தால் ஆள் தேறுவான், ஆனால் மண் மாறாவிட்டால் சில மாதத்தில் புழு திரும்பும். ஆகவே கழிவறை வேண்டும். தொடக்கத்தில் லயன்களுக்கு அப்பால் பொதுவாக ஒரு கொட்டகை, அதில் வாளி. வாளியை எடுக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். சாதியும் கப்பலேறித்தான் வந்தது. இரவில் பெண்கள் அந்தக் கொட்டகைக்குப் போக அஞ்சினார்கள். குழந்தைகளோ லயனுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலோரத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் ஜாவாவிலிருந்து ஒரு புது முறை பரவியது. கையால் சுழற்றும் துளைக்கருவியைக் கொண்டு அகலத்தில் மிகச் சின்னதாக, ஆனால் பதினைந்து, இருபது அடி ஆழத்துக்குக் குழி துளைத்து, மேலே பலகை வைத்துவிடுவது. வாளி தேவையில்லை, வாளி எடுக்க ஒருவரும் தேவையில்லை. கழிவறையைப் பொறுத்தவரை ஒரு மனிதனை இன்னொரு மனிதனின் கழிவிலிருந்து விடுவித்த முதல் ஏற்பாடு என்று நான் இதைக் கருதுகிறேன். குறையும் இருந்தது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் பள்ளத்தாக்கு மண்ணில் இருபதடி ஆழத்துக்குப் போனால், பக்கத்துக் கிணற்று நீரோடு கலந்துவிடும். கழிவறை எங்கே, கிணறு எங்கே, நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துச் செய்ய ஆள் வேண்டும். கருவி வாங்குவதைவிட அந்த ஆளை வைத்துக்கொள்வதுதான் கடினம்.

தண்ணீரைக் காய்ச்சினால் போதும், கழிவைப் புதைத்தால் போதும் என்ற இரண்டு சொல்லின் மதிப்பை மலாயாத் தமிழர் மிகக் கொடிய விலை கொடுத்து அறிந்தது 1943இல். சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் பேரைக் கொண்டு போனார்கள். பெரும்பான்மையோர் தமிழர். மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியது. அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் பட்டினி கிடந்தார்கள், அடி வாங்கினார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஆனால் அவர்களோடு சிறைப்பட்ட இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது, பாத்திரத்தைக் கொதிநீரில் முக்காமல் சாப்பிடக் கூடாது, கழிவுக்குழியை மூட வேண்டும் என்று ஒழுங்கு கட்டிக் காத்தார்கள். தோட்டத் தொழிலாளருக்கு அப்படிச் சொல்லவும் செய்விக்கவும் யாரும் இல்லை. அவர்களின் சாவு விகிதம் கைதிகளுடையதைவிட மிகக் கூடுதலாக இருந்தது. ஒரே காடு, ஒரே மழை, ஒரே ஆறு.

குழாய் யாருடையது

சட்டம் இல்லாமல் இல்லை. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் 1923ஆம் ஆண்டு சட்டமும் தங்குமிடம், தண்ணீர், துப்புரவு, மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கின. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டங்களிலிருந்து வந்ததே. போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. பின்னாளில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராகப் புகழ்பெற்ற பி. பி. நாராயணன் தம் பொதுவாழ்வைத் தொடங்கியது 1946இல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில்தான். கூலி உயர்வு போலவே வீடும் தண்ணீரும் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன.

காலப்போக்கில் பைப்படி வந்தது. லயன் முனையில் சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு குழாய், காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்துக்குத் தண்ணீர். வரிசையில் வாளி வைத்து இடம் பிடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பிள்ளைகளின் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இலங்கை மலையகத்தில் இதையே பீலிக்கரை என்பார்கள். சண்டை, சிரிப்பு, கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். அந்தப் பைப்படியை நினைத்து ஏங்குகிற கவிதைகளும் கதைகளும் மலேசியத் தமிழில் நிறைய. எனக்கு அந்த ஏக்கத்தில் முழுச் சம்மதம் இல்லை. ஐம்பது குடும்பத்துக்கு ஒரு குழாய் என்பது எந்தப் பெண்ணின் முதுகில் எத்தனை குடமாக ஏறியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பைப்படிக்கு வந்த நீர் பெரும்பாலும் தோட்டத்தின் சொந்த நீர். மலையிலிருந்தோ குளத்திலிருந்தோ எடுத்து, தொட்டியில் ஏற்றி, தோட்டத்து எந்திரத்தால் இறைத்தது. எந்திரம் கெட்டால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். அந்தக் குழாய்க்கும் ஊருக்கும் தொடர்பில்லை. அதைத் திறந்து மூடும் கை கம்பெனியின் கை. தொழிலாளி அங்கே தண்ணீரைப் பெற்றது குடிமகன் என்பதற்காக அல்ல, கூலியாள் என்பதற்காக.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் இதன் விளைவு வெளிப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு நிலமாகக் கூறுபோட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆய்ந்து எழுதினார். பத்து ஏக்கரும் இருபது ஏக்கரும் வாங்கிய சிறு முதலாளி லயனுக்கு எதற்குத் தண்ணீர் இறைக்கப் போகிறான்? துரையின் கடமை துரையோடு போய்விட்டது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொழிலாளரிடம் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டம் வாங்கப் புறப்பட்டது இந்த அபாயத்தின் நடுவில்தான்.

இதே காலத்தில் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் வேறொன்று நடந்தது. மலேசியச் சுகாதார அமைச்சு 1968இல் கிராமப்புறச் சுற்றுச்சூழல் துப்புரவுத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கி, 1974இலிருந்து நாடு முழுக்க விரித்தது. உலகம் மெச்சத் தக்க வேலை அது. மலை ஊற்றிலிருந்து இறைப்பு எந்திரமில்லாமல் தானாகவே இறங்கி வரும் குழாய்நீர், சுவர் எழுப்பி மூடிய கிணறு, மழைநீர்த் தொட்டி, தண்ணீர் ஊற்றினால் போதும் என்ற எளிய கழிவறை. அந்தக் கழிவறையின் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டு. வளைவில் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீர் நிற்கும். அதைத் தாண்டி நாற்றம் மேலே வராது, ஈ கீழே போகாது. பொருளை அரசு கொடுத்தது, சுகாதாரப் பணியாளர் கம்பத்துக்கு (மலாய்க் கிராமத்துக்கு) வந்து கற்றுக் கொடுத்தார், உழைப்பைக் குடும்பம் போட்டது. கம்பத்து மக்களின் குடல் நோய்கள் குறைந்ததில் இத்திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தப் பணியாளர் தோட்டத்து வேலியருகே வந்ததும் நின்றுவிட்டார். தோட்டம் தனியார் நிலம். கிராம மேம்பாட்டுத் திட்டங்களின் கணக்கில் கிராமம் என்றால் கம்பம். அதே மலையிலிருந்து இறங்கும் அதே நீர், வேலிக்கு அந்தப் பக்கம் அரசின் பொறுப்பு, இந்தப் பக்கம் கம்பெனியின் தயவு. ஒரு குழந்தைக்கு எந்தத் தண்ணீர் கிடைக்கும் என்பதை நிலப்பட்டா தீர்மானித்த நாட்கள் அவை. மலேசியத் தமிழரின் பின்னடைவு பற்றிப் பேசும்போது கூலியையும் கல்வியையும் பேசுகிறோம். இந்த வேலியைப் பற்றி அதே அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

1990ஆம் ஆண்டின் சட்டம் 446 தோட்டத் தொழிலாளரின் வீட்டுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகத் தரும் கடமையை முதலாளியிடமே மீண்டும் ஒப்படைத்தது. அதற்குள் தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டன.

பள்ளிக்கூடத்துக் கழிவறை

தோட்டத்துப் பள்ளியின் நிலை இன்னும் சிக்கலானது. பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்துவந்தன. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தரும். நிலம் அரசுடையது அல்ல என்பதால் கட்டடத்தின் பொறுப்பு முழுதாக அரசின் தலையில் விழாது. கூரை, தண்ணீர்த் தொட்டி, கழிவறைக் கதவு என்று வந்தால் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோவிலும் வள்ளல்களும் கைகொடுக்க வேண்டும். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 530க்கும் குறைவு. நெகிரி செம்பிலானில் அறுபதைச் சுற்றி. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை தோட்டங்கள் கலைந்தபோது பிள்ளைகள் இல்லாமல் போனவை.

பள்ளிக் கழிவறையைப் பற்றி எழுதுவது பலருக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரு பெண் பிள்ளை நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பதும், மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கு வராமலே இருந்துவிடுவதும், தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவினால் நேர்கிறது. அந்தக் கதவுக்கு ஆகும் செலவு ஒரு பரிசளிப்பு விழாவின் மாலைச் செலவைவிடக் குறைவு. தாழ்ப்பாள், குப்பைத் தொட்டி, சோப்பு, தொட்டியில் தண்ணீர் ஆகிய நான்கும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். நான்கும் ஒரே நாளில் வாங்கக்கூடியவை. நான்கும் தினம் தினம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியவை.

இதை ஆப்பிரிக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வுகள் இன்னும் கூர்மையாகக் காட்டின. கென்யாவின் நியான்சா மாகாணத்துத் தொடக்கப்பள்ளிகளில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், குடிநீரைச் சுத்திகரித்துக் கைகழுவவும் கற்பித்த பள்ளிகளில், சில பகுதிகளில் மட்டும், மாணவிகள் வராமல் போகும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மாணவர்களிடம் அப்படி மாற்றம் தெரியவில்லை. அதே ஆய்வுக் குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். அந்தப் பயிற்சியோடு புதுக் கழிவறையும் கட்டிக் கொடுத்த பள்ளிகளில் மாணவிகளின் கைகளில் மலக்கிருமி கூடியிருந்தது. கழிவறையைப் பயன்படுத்தினார்கள், கழுவப் போதிய வழியில்லை. கட்டடம் திறந்த நாளில் படம் எடுத்துப் போனவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி, 2023இல் உலகம் முழுக்க 44 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பள்ளியில் அடிப்படைக் குடிநீர் இல்லை. 42 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அடிப்படைக் கழிவறை இல்லை. பெரும் சுமை சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின்மேல். 2014இல் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக் கழிவறையின் இற்றுப்போன இருக்கையோடு குழிக்குள் விழுந்து இறந்தான். பொன்னும் வைரமும் விளையும் நாடு அது.

லுவான்ஷியா வரை போன பாடம்

வாட்சனிடம் திரும்புவோம். 1920களின் இறுதியில் அவர் மலாயாவை விட்டு லண்டனின் ராஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அன்றைய வடக்கு ரொடீசியாவில், இன்றைய சாம்பியாவில், லுவான்ஷியா என்ற இடத்தில் ரோவன் ஆன்டலோப் தாமிரச் சுரங்கம் எழுந்துகொண்டிருந்தது. மலேரியாவும் குடல் காய்ச்சலும் சுரங்கத்தையே மூடிவிடும் போல இருந்தன. 1929-30இல் அங்கே அழைக்கப்பட்ட வாட்சன், மலாயாவில் கற்றதைச் செய்தார். எந்தக் கொசு, எந்த நீர் என்று முதலில் கண்டறிந்து, ஆற்றின் கரையை ஒழுங்குபடுத்தி, சதுப்பை வடித்து, எண்ணெய் தெளித்து, குடிநீரையும் கழிவையும் பிரித்து நோயை அடக்கினார். ஆப்பிரிக்காவில் மலேரியாவை வென்ற முதல் பெரு முயற்சிகளில் ஒன்றாக அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

சிலாங்கூர், நெகிரி செம்பிலான் போன்ற மாநிலங்களின் மலைச்சரிவுகளில் கொயினாவுக்குக் கையேந்தி நின்ற தமிழர்களின் காய்ச்சல் கணக்கிலிருந்துதான் அந்த அறிவு பிறந்தது. அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. லுவான்ஷியாவின் சுரங்கத் தொழிலாளிக்கும் இவர்களைத் தெரிந்திருக்காது. ஆனால் இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கேயும் நோய் அடங்கியது சுரங்கக் கம்பெனியின் எல்லைக்குள். எல்லைக்கு வெளியே இருந்த கிராமத்து நீர் அப்படியே இருந்தது. தோட்டத்தில் வேலி, சுரங்கத்தில் எல்லைக்கல்.

பின்னாளில் கம்பெனிக்குப் பதில் தொண்டு நிறுவனங்கள் வந்தன. ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஆழ்துளை போட்டுக் கைப்பம்பு வைத்தார்கள். 2009 வாக்கில் இருபது நாடுகளில் எடுத்த கணக்கு, வைத்த பம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேலை செய்யவில்லை என்றது. நிலத்தடி நீர் வற்றியதால் நின்றவை சில. மற்றவை ஒரு ரப்பர் வளையமோ கம்பியோ தேய்ந்ததால் நின்றவை. மாற்றும் பொருள் அருகிலுள்ள ஊரில் கிடைக்கவில்லை, கிடைத்தால் வாங்கக் காசில்லை, காசிருந்தால் பழுது பார்க்கத் தெரிந்தவர் இல்லை. பம்பை வைத்தவரின் கடமை வைத்தவரோடு போய்விட்டது. துண்டாடலில் நாம் பார்த்த அதே கதை.

இன்றைய ஜிம்பாப்வேயில் பிளேர் ஆய்வகம் 1970களில் வடிவமைத்த காற்றோட்டக் கழிவறை இதற்கு மாறான ஒரு நல்ல எடுத்துக்காட்டு. குழியிலிருந்து உயரமான ஒரு குழாய் மேலே போகும், வாயில் வலை. காற்று நாற்றத்தை இழுத்துக்கொண்டு போகும், வெளிச்சத்தைத் தேடிப் பறக்கும் ஈ வலையில் சிக்கிச் சாகும். எந்திரமில்லை, தேயும் பாகம் அதிகமில்லை, கிராமத்துக் கொத்தனார் கட்டலாம். நம் மலையடிவாரத்துத் தானிறங்கு குழாய்நீரும் இதே வகைதான். பழுது பார்க்கும் கை அந்த ஊரிலேயே இருக்கும்படி அமைத்தவை நிலைத்தன.

ஆற்றின் கீழ்ப்பக்கம்

இன்று நெகிரி செம்பிலானில் குழாய்நீர் வழங்குவது 2009 முதல் இயங்கும் சைன்ஸ் நிறுவனம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1994இல் தொடங்கிய இண்டா வாட்டர், நகரக் கழிவுநீரை நாட்டின் பெரும்பகுதியில் கையாள்கிறது. பாரோயின் தாமான் வீட்டில் குடியேறிய முன்னாள் தோட்டக் குடும்பத்துக்கு இன்று சமையலறையில் ஒரு குழாய், குளியலறையில் ஒரு குழாய். ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் இது. மனம் நிறைகிறது.

ஆனால் ஓடை இப்போது வேறு விதமாக நோய்ப்பட்டிருக்கிறது. சிரம்பானைச் சுற்றிய சிற்றாறுகள் வீட்டுக் கழிவையும் தொழிற்சாலைக் கழிவையும் சந்தைக் கழிவையும் வாங்கிக்கொண்டு லிங்கிக்குப் போகின்றன. கீழே அந்த ஆற்றிலிருந்துதான் குடிநீருக்கு நீர் எடுக்கிறார்கள். அம்மோனியா கூடிப்போனதால் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்தி வைத்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்ட நாட்கள் உண்டு. மேலே இருப்பவனின் கழிவு கீழே இருப்பவனின் குடிநீராக வருகிறது. லயனில் ஓடைக்கு மேற்பக்கம் துணி துவைத்தால் கீழ்ப்பக்கம் குடம் நிரப்புபவள் சத்தம் போடுவாள். இப்போது அந்தச் சத்தம் போட யாருக்கும் மேற்பக்கம் தெரிவதில்லை.

தோட்டங்கள் மறைந்துவிடவுமில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த காடுகளில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். 2020இல் கோவிட் தொற்று நெருக்கமான தங்குமிடங்களில் பரவியபோதுதான் அவர்களின் குளியலறையும் கழிவறையும் நாட்டின் கண்ணில் பட்டன. 2019இல் திருத்தி எல்லாத் துறைகளுக்கும் விரித்த சட்டம் 446, 2020 ஜூன் முதல் நடப்புக்கு வந்தது. எத்தனை பேருக்கு ஒரு கழிவறை, எத்தனை பேருக்கு ஒரு குளியலறை என்று இப்போது விதி இருக்கிறது. நூறாண்டுக்கு முன் நம் தாத்தாக்கள் நின்ற வரிசையில் இன்று வேறு மொழி பேசும் இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்களின் தண்ணீருக்காக நம் சங்கங்களும் கோவில் மண்டபங்களும் குரல் கொடுத்தால் அதற்கு நம்மைவிடத் தகுதியானவர் யார்?

தோட்டங்கள் கலைந்தபோது எல்லாப் பள்ளிகளும் சாகவில்லை. இம்மாநிலத்தில் சில பள்ளிகள் பிள்ளைகள் குடியேறிய தாமான்களுக்கே இடம் மாறிவந்தன. புதிய நிலத்தில் புதிய கட்டடம், தெருக்குழாயோடு நேரடி இணைப்பு, மாணவிகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட கழிவறை. உரிமம் தோட்டத்தின் பெயரில் வாங்கியது என்பதால் பெயரை மாற்றவில்லை. மாதாமாதம் தலைமையாசிரியர் மேசைக்கு வரும் தண்ணீர்க் கட்டணச் சீட்டில், பள்ளிப் பெயரின் நடுவே ‘லாடாங்’ (தோட்டம்) என்ற சொல் இன்னும் அச்சாகி வருகிறது.